யாரையும் கூப்பிடாமல் ஒரு பாட்டு

சேவியர் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கோப்பெங்கில் ஒரு திருமண மண்டபத்தின் பின்புறம் ஒலிபெருக்கி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி ரீத்தா அக்காதான் அழைத்தார். "மகேசு, அண்ணே போயிட்டாருலா. டயாலிசிஸ் முடிஞ்சு வந்து படுத்தாரு. குடிக்கத் தே ஓ வேணுமான்னு கேக்கப் போனேன், எந்திரிக்கல."  "வாரேங்க்கா" என்றேன். மீதி வயர்களையும் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். அழுகை வரவில்லை.  இந்த அழைப்பு என்றைக்காவது வரும் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்தே நாங்கள் எல்லோரும் களைத்துப்போயிருந்தோம்.

ஈப்போ வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்கோ மாதா கோயிலுக்கோ பாட்டுப் பதிவு செய்தவர்கள் அவரை அறிந்திருப்பீர்கள். குனோங் ராபாட்டில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த அறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். குரல்களைப் பதிவு செய்வது என் வேலை. வாத்தியங்களைச் சேர்த்து, எல்லாவற்றையும் கலந்து, பாட்டாக்கித் தருவது அவர் வேலை. கீழே யாராவது மோட்டாரை முறுக்கினால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்த இடைவெளிகளில்தான் எங்கள் பேச்செல்லாம் நடந்தது. சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதையும், அங்கிருந்த சின்ன மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துத்தான் இசைக்கு வந்தார் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் அவர் கணினியின் முன்னால் உட்கார்ந்து மௌஸை மேசையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மகேசு, அம்புக்குறி காணோம். எங்க போச்சு பாரு" என்றார். அது திரையின் நடுவில்தான் இருந்தது. திரை பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பெரியதாக ஒன்று வாங்கினோம். பிறகு அதைவிடப் பெரியது. கடைசியில் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். பல வருடங்களாக இருந்த இனிப்பு நீர் வியாதி கண்ணுக்குள் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். லேசர் சிகிச்சை செய்தார்கள். கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அதன் பிறகு வெளிச்சமும் நிழலும் மட்டுந்தான் மிஞ்சின.

இனி நான் அவருக்குக் கண்ணாக இருக்கலாம் என்று நினைத்தேன். அவர் சொல்லுவார், நான் மௌஸைப் பிடிப்பேன். சில வாரங்கள் அப்படித்தான் நடந்தது. "அந்த வயலினைக் கொஞ்சம் இறக்கு. இல்ல, ஏத்து. வேணாம், முன்ன இருந்த மாதிரியே வை." வேலை நடந்தது, ஆனால் பாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வந்தன. ஒரு மத்தியானம் கீழே மோட்டார் சத்தம் அடங்கக் காத்திருக்கும்போது அவர் சொன்னார்: "நீ நல்லாத்தான் செய்யிற. ஆனா பக்கத்துல ஆளு இருந்தா நான் தப்பு பண்ண மாட்டேங்கிறேன். தெரிஞ்சதையே சொல்றேன். தப்பு பண்ணாம பாட்டு எப்படிலா வரும்?" எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்று அந்தப் பாட்டுகளைக் கேட்டாலே தெரிந்தது.

இப்படித்தான் மென்பொருள் தேடும் படலம் ஆரம்பித்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்றைக் கணினியில் போட்டுக்கொண்டார். நாங்கள் அதுவரை பயன்படுத்திய இசைப்பதிவு மென்பொருளில் அந்தக் குரல் வாயே திறக்கவில்லை. ஆகவே புதிதாக ஒன்று வேண்டும். அவர் சோதனை எளிமையானது. திரையை அணைத்துவிட வேண்டும். ஒரு டிராக்கைத் திறந்து, அதில் பதிவு செய்து, பிழையான இடத்தை வெட்டி, சத்தத்தை ஏற்றி இறக்கி, பாட்டைச் சேமிக்க வேண்டும். இதெல்லாம் யாரையும் கூப்பிடாமல் நடக்க வேண்டும். "கூப்பிட்டேன்னா ஃபெயில்" என்பார்.

முதலில் வந்தது எல்லோரும் புகழ்ந்த ஒன்று. ஈப்போவில் இசைக்கருவி விற்கும் கடைக்காரர் அதைச் சோதனைக்கு ஏற்றித் தந்தார். "பாக்கவே ரொம்ப அழகா இருக்கும்லா அண்ணே" என்றார். "நீங்க சொன்னா நம்புறேன்" என்று சேவியர் அண்ணன் சிரிக்காமல் சொன்னார். திரையை அணைத்தோம். அவர் விசையைத் தட்டினார். குரல் "பட்டன்" என்றது. இன்னொரு தட்டு. "பட்டன்." எந்தப் பட்டன், எதற்கான பட்டன் என்று அது சொல்லவே இல்லை. "பட்டன், பட்டன், பட்டன்" என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "மகேசு, நம்ப பாட்டுக் கடைக்கு வந்தோமா, சட்டைக் கடைக்கு வந்தோமா?" என்றார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். 

அடுத்தது பேசியது. ஆனால் வெட்டப் போகும் இடம் எது என்று சொல்லாது. அவர் ஓர் இருமலை வெட்டப் போய் ஒரு பாடகர் குழுவின் பெண்குரல் முழுவதையும் அழித்துவிட்டார். என்னிடம் பிரதி இருந்ததால் தப்பித்தோம். இன்னொன்று எல்லாவற்றையும் அழகாகச் சொன்னது, எதிரொலி சேர்க்கும் பகுதிக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிட்டது. ஒவ்வொன்றையும் ஏற்றுவது, கற்றுக்கொள்வது, சோதனைக் காலம் முடிந்ததும் நீக்குவது. கற்ற விசைகளை மறந்தால்தான் அடுத்ததன் விசைகள் விரலுக்கு வரும். பார்வை இருக்கிற எனக்கே தலை சுற்றியது. ஒரு முறை கேட்டேன்: "அண்ணே, போதும்னு தோணலயா?" "தோணுது. தெனமும் தோணுது" என்றார். "ஆனா காலையில எந்திரிச்சா வேற என்னா பண்றது, சொல்லு?"

கடைசியில் கிடைத்தது, பார்ப்பதற்கு அரசாங்க அலுவலகத்துக் கணினி மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்த ஒன்று. அதற்கென்று பார்வையற்ற இசைக்கலைஞர்கள் சிலர் தாங்களே ஒரு துணை நிரலை எழுதி இலவசமாக வைத்திருந்தார்கள். அதைச் சேர்த்ததும் எல்லாமே பேசின. எந்த டிராக், எந்த நொடி, எவ்வளவு சத்தம் எல்லாம் அந்தக் குரல் சொன்னது. விசைகளைப் பழகவே அவருக்கு மழைக்காலம் முழுவதும் போனது. பிறகு ஒரு நாள் என்னைக் கீழே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, தே குடித்து, பத்திரிகையைப் படித்து, படித்ததையே மறுபடியும் படித்தேன். மத்தியானத்துக்கு மேல் அழைத்தார். "மேல வா. கேளு." சுங்காய் மாதா கோயிலுக்கான பாட்டு அது. கித்தார் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சொன்னேன். "தெரியும். அது என் தப்பு, இருக்கட்டும்" என்றார். முகம் பூராவும் சிரிப்பு. அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு புதிய பதிப்பு வரும்வரை நீடித்தது. புதிய பதிப்பை ஏற்றியதும் வெட்டும் விசை ஊமையானது. நிறுவனத்துக்கு எழுதினார். மரியாதையாகப் பதில் வந்தது: கவனிக்கிறோம். மீண்டும் எழுதினார். மீண்டும் அதே பதில். அதற்குள் சிறுநீரகமும் கைவிட்டதால் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. ஊசி குத்திய கையைத் தடவிக்கொண்டே சொல்வார்: "மெஷின்ல படுத்துக் கெடக்குறதுகூட எனக்கு அலுக்கல மகேசு. இவனுங்களுக்கு மெயில் எழுதுறதுதான் அலுக்குது."

அந்தச் சமயத்தில்தான் ரோஸ்லான் வந்து சேர்ந்தார். கோலகங்சாரில் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கும் மலாய்க்காரர். அவருக்கும் பார்வை போய்க்கொண்டிருந்தது. இணையக் குழு ஒன்றில் அண்ணன் எழுதிய புகாரைக் கேட்டுவிட்டு, எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். அதிலிருந்து சனிக்கிழமைக் காலைகளில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மூவருமாகப் புதிய பதிப்புகளைச் சோதித்தோம். அவர் அங்கே தட்டுவார், அண்ணன் இங்கே தட்டுவார். எங்கே ஊமையாகிறது என்பதை நான் எழுதிக்கொள்வேன். இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். ஆனால் "பட்டன், பட்டன்" என்று ரோஸ்லான் ராகம் போடும்போது அண்ணன் தமிழில் திட்டுவார். அது ரோஸ்லானுக்குப் புரியாமலே புரியும்.

ஒருவழியாக நிறுவனம் வெட்டும் விசையைச் சரிசெய்தது. அந்தச் சனிக்கிழமை ஏற்றிப் பார்த்தோம். வெட்டும் விசை பேசியது. இந்த முறை சேமிக்கும் இடத்தில் ஊமை. அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "போதும் மகேசு. என்னால முடியில" என்றார். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. கால்கள் வீங்கியிருந்தன.  "சரிண்ணே" என்றேன். உண்மையில் எனக்கும் போதும் என்றுதான் இருந்தது.  அப்போது போனிலிருந்து ரோஸ்லானின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. அடுத்த வாரம் தனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது, பழைய பதிப்புக்குத் திரும்பிப் போவது எப்படி என்று கேட்டார்.  அண்ணன் கையால் மடியைத் தடவி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, முதல்ல எல்லாத்தையும் மூடுங்க அபாங்" என்று மலாயில் 'அண்ணே' போட்டுச் சொன்னார். ஒவ்வொரு விசையாகச் சொல்லிக்கொடுத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. வீடு போய்ச் சேர்ந்ததும் ரீத்தா அக்கா மருந்து நேரம் தவறிவிட்டது என்று சத்தம் போட்டார். அதன் பிறகு 'போதும்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடக்கத்துக்கு ரோஸ்லானும் வந்திருந்தார். அவருடைய மனைவி வண்டி ஓட்டி அழைத்துவந்தார். நானும் அவரும் முதல்முறையாக நேரில் சந்தித்தது அன்றுதான். அண்ணனையும் அவர் நேரில் சந்தித்ததே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ப் பெட்டியின் விளிம்பைத் தொடச் செய்தேன். அவர் விளிம்பை விரல்களால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஆள் உயரமா?" இல்லை, குள்ளம், கொஞ்சம் பருமன் என்றேன். "குரலை வைத்து உயரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்தில் நின்ற ரீத்தா அக்காவும் சிரித்துவிட்டார்.

அண்ணனுடைய கணினியை எடுத்துக்கொள்ளும்படி அக்கா சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதில் அவர் குரலும் பாட்டுகளும் இருக்கின்றன, அக்காவிடமே இருக்கட்டும் என்றேன். அடக்கம் முடிந்த அடுத்த சனிக்கிழமை கூடத்தைப் பெருக்கி, சாவியைப் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று போயிருந்தேன். வழக்கமான பத்து மணிக்குப் போன் அடித்தது. ரோஸ்லான். வணக்கம் சொன்னார். பிறகு, "புதிய பதிப்பு வந்திருக்கிறது. நீங்கள் ஏற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என் கணினியில் ஏற்றட்டுமா?" என்றேன். "ஏற்றுங்கள்" என்றார்.

சேமிக்கும் இடம் இன்னும் ஊமைதான். நிறுவனத்துக்கு நான் எழுதினேன், வழக்கமான பதில் வந்தது. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சேவியர் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த முடியாத வேலைதான். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு முன்பே போய்விடுகிறேன். ரோஸ்லான் கொஞ்சம் சீக்கிரமே அழைத்துவிடுகிறார்.