நான் மொழிபெயர்க்காத விக்கல்

சென்ற வருடம் மார்கழியில், நாங்கள் குடியேறிய இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தின் மெட்ரோவில் போகும்போது என் மனைவி ராணிக்கு விக்கல் எடுத்தது. எதிரே இருந்த முன்பின் தெரியாத பெண்ணொருத்தி தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நான் முந்திக்கொண்டு மறுத்தேன். ஊரில் என்றால் யாரோ நினைக்கிறார்கள் என்று சிரித்திருப்போம். இங்கே பெட்டி முழுக்க எங்களையே பார்ப்பதாக எனக்குக் கூச்சமாக இருந்தது.

விக்கல் பத்து நாளாகியும் நிற்கவில்லை. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. டொக்டரிடம் போவோம் என்று இரண்டு தரம் கேட்டாள். வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை புறநகரான ரொக்ஸ்பரோவில், பெரியபிள்ளையான உறவுக்காரப் பிள்ளைக்குச் சாமத்தியவீட்டுச் சடங்கு. மண்டப வாசலில் விக்கல் உரத்துக் கேட்டது. "இந்தச் சத்தத்தோட உள்ளுக்கு வந்தால் சனம் சிரிக்கும். காருக்குள்ள இரும்" என்றேன். ஹீற்றரைப் போட்டுவிட்டுப் போய், அவளுக்குச் சளி, தடிமன் என்று எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பியபோது, வாந்தி எடுத்த பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

விக்கல் தானாக நின்றது. ஆனால் சில வாரங்களில் அவளுடைய வலது கண் மங்கியது. டவுன்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பியல் மருத்துவரான பெண்மணி பொறுமையாக விளக்கினார். உடம்பே தன் கண் நரம்பைத் தாக்குகிறதாம். இப்படிச் செய்யும் நோய்கள் இரண்டு. இங்குள்ள வெள்ளையர்களிடம் ஒன்றைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். மற்றது அரிது, ஆசியா, ஆபிரிக்கா, கரீபியன் வழிவந்தவர்களிடம் கூடுதலாகக் காண்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. உணவகச் சமையலறைகளில் பொறுக்கிய பிரெஞ்சை வைத்து நான் இதையெல்லாம் ராணிக்குத் தமிழில் சொன்னேன்.

பிறகு மருத்துவர் அவளை நேராகப் பார்த்து, முன்பு நாள்கணக்கில் 'ஒக்கே' இருந்ததா என்று கேட்டார். பிரெஞ்சில் விக்கலுக்கு அதுதான் சொல். ராணி அதை ஆங்கிலம் என்று நினைத்து, "ஓகே, ஓகே" என்று தலையாட்டினாள். மருத்துவர் எழுதப் போனார். விக்கலைப் பற்றித் துருவினால், காரில் அவளை விட்டுப் போனது இனி அந்த அறைக்குள் வந்துவிடும் என்று பயந்தேன்.

"இல்லை, அவளுக்கு விளங்கவில்லை. விக்கல் ஒன்றும் இருக்கவில்லை" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"என்ன கேட்டவ?" என்றாள் ராணி.

"ஒண்டுமில்லை. சுகமோ எண்டு கேக்கிறா."

வழமையான நோய்க்கென்று எழுதித்தந்த மருந்தோடு வீடு வந்தோம். மூன்று வாரத்தில் அவளுடைய கால்கள் மரத்துப்போயின. குளியலறையில் விழுந்தாள். அன்றுதான் ஆஸ்பத்திரி நடைபாதையில் மருத்துவரை மறித்து, கார் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தப் பரிசோதனை, அரிய நோய்தான் என்றது. விக்கலும் வாந்தியும் அதன் முதல் அடையாளம். கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனையை நானும் முன்பே செய்திருக்க வேண்டும்" என்றார். தன் பங்கை அவர் அவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொண்டது என்னை இன்னும் குறுகவைத்தது. எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு இது இருக்கிறதென்று தனக்குச் சரியாகத் தெரியாது என்றும் சொன்னார். என்னைப் போல மறைப்பவர்கள் இருந்தால் எப்படித் தெரியும்?

கால்கள் தேறின. கண் தேறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தேற்றப் போகிறோம். போன தடவை பக்கத்துக் கதிரையில் ஹெயிட்டி நாட்டுப் பெண் ஒருத்தி, அதே நோய், அதே மருந்து. தனக்கும் விக்கலில்தான் தொடங்கியது, மூன்றாம் நாளே கணவர் கூட்டிவந்துவிட்டார் என்று பிரெஞ்சில் என்னிடம் சொன்னாள். உங்கள் மனைவிக்கு எப்படி என்று கேட்டாள்.

"பத்து நாளுக்கு மேல். நான் கூட்டிவரவில்லை. கேட்டபோது மறைத்தும்விட்டேன்" என்றேன். அந்த மொழியில் அது ஏனோ வாயில் வந்துவிடுகிறது.

"என்னவாம்?" என்று கேட்டாள் ராணி.

"இந்த அறை சரியான குளிராம்."

ராணி தன் இடது கண்ணால் அந்தப் பெண்ணைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். "ஓமோம், சரியான குளிர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, தன் கால்களில் கிடந்த போர்வையின் ஒரு முனையை இழுத்து, நடுவில் இருந்த என் மடி வழியாக அவளுக்கு நீட்டினாள். அந்தப் பெண் போர்வையை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.