ஒரு போர்வையை இரண்டு தடவை வாங்கிய கதை

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதனை முகாம்களுக்குப் போய்ப் போய்த்தான் எங்கள் சேவை கிளப்பில் உறுப்பினர் ஆனேன். முகாம் என்றால் கூட்டம் தானாக வரும். இரத்ததானம் என்றால் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் கிளப்பில் யாரும் ஏற்றுக்கொள்ள விரும்பாத ஒரு வேலை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நடத்தும் அறநெறிப் பேச்சுப் போட்டி. ஒரு மாதக் கூட்டத்தில் அதை என் தலையில் கட்டினார்கள்.

ஏன் யாருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முந்தின வருஷமே எனக்குத் தெரிந்திருந்தது. அன்று நான் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். வருகிற பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி கும்பிட்டு, ஒரே மாதிரி கையை நீட்டி, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார்கள். ஒரு பையன் பாதியில் நின்றுவிட்டான். மூன்றாவது வரிசையில் இருந்த அவன் அம்மா உதட்டை அசைத்து அசைத்து அடுத்த வரியைக் காட்டிக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை, இரண்டு பள்ளிகளிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் ஒரே பேச்சைப் பேசினார்கள். இரண்டு வீட்டிலும் போனில் தேடி எடுத்தது ஒன்றாகவே அமைந்துவிட்டது. இரண்டாவதாகப் பேசிய பிள்ளை, சபை சிரித்ததும் மேடையிலேயே அழுதுவிட்டாள். பேச வைத்தது நேர்மையைப் பற்றி.

அதனால் பொறுப்பு என்னிடம் வந்ததும் முதல் வேலையாகத் தலைப்பை மாற்றினேன். ‘எது சரி என்று நான் தடுமாறிய ஒரு நேரம்.’ பேசுகிறவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும். பேசி முடித்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையோரம் உள்ள எங்கள் கிளப்புகள் எல்லாம், அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும், தங்கள் ஊரில் ஒரு சுற்று நடத்தி ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், பாளையங்கோட்டையில் இறுதிப் போட்டி.

பள்ளிகளிலிருந்து போன் மேல் போன். எழுதிக் கொடுக்காமல் பிள்ளைகள் என்ன பேசும் என்று கேட்டார்கள். ஒரு தமிழாசிரியர், தடுமாறினதைச் சொன்னால் பிள்ளைக்குத்தானே கெட்ட பேர் என்று வருத்தப்பட்டார். நியாயமான கவலைதான். பேசுகிற பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொன்னதற்காகவே ஒவ்வொரு ஊர்ச் சுற்றுக்கும் நானே பஸ் ஏறிப் போனேன்.

போனது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அந்தப் பேச்சுகளை எல்லாம் கேட்காமலே போயிருப்பேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பையன், தேயிலை எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்கி வந்தபோது வளர்த்த நாயை மலையிலேயே விட்டு வந்ததைச் சொன்னான். மேலப்பாளையத்து மாணவி ஒருத்தி, வாப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை முதலில் படித்தது தான்தான் என்றும், அதை வாப்பாவிடம் சொல்வதா, உம்மாவிடம் சொல்வதா, வாயைத் திறக்காமல் இருப்பதா என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்கப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள். குரலை ஒரு இடத்திலும் உயர்த்தவில்லை.

ஆழ்வார்திருநகரிச் சுற்று கடைசியாக நடந்தது. அங்கே கொற்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். அம்மா வயல் வேலைக்கும் வாழைத் தோட்டத்து வேலைக்கும் போகிறவர். நடுவராக நான் அழைத்துப் போயிருந்தது பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மையாரை. ஊரில் எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர். அந்தப் பெண் மைக்கைக் கையில் வாங்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினாள்.

“வெள்ளம் வடிஞ்ச பெறகு எங்க ஊருக்குப் போர்வை குடுக்க வந்தாங்க. எங்கம்மா வரிசையில நின்னு வாங்குனாங்க. போட்டோ சரியா விழலன்னு அதத் திரும்ப வாங்கிட்டு, மறுபடியும் குடுத்தாங்க. கொஞ்சம் சிரிம்மான்னாங்க. எங்க வீட்டுச் சுவரு அன்னைக்குத்தான் விழுந்து கெடந்துச்சு. எங்கம்மா சிரிச்சாங்க.”

அந்தப் படம் பெரிய பேனராகிப் பள்ளிக்கூடம் போகும் வழியில் தொங்கியதாம். கூடப் படிக்கிறவர்கள் பார்த்தார்களாம். அம்மாவிடம் அன்றைக்கு, வாங்க வேண்டாம் என்று தான் சொல்லியிருக்க வேண்டுமா என்பதுதான் அவள் தடுமாற்றம். போர்வை தேவைப்பட்டது. தம்பி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். தான் சும்மா நின்றதாகவும், அது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை என்றும் சொல்லி முடித்தாள்.

பெரிய டீச்சர் அவளிடம், அப்படியென்றால் கொடுக்க வந்தவர்கள் கெட்டவர்களா என்று கேட்டார்.

“இல்ல டீச்சர், நல்லவங்கதான். அதனாலதான் அவங்ககிட்டச் சொல்லணும்னு தோணுது. கெட்டவங்கன்னா சொல்லி என்ன பிரயோஜனம்?”

ஒரு வாதமும் இல்லாமல் அவளைத் தேர்ந்தெடுத்தோம். திரும்பி வரும்போது, பஸ் ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பினார். அந்தப் போர்வையைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். எங்கள் கிளப்தான். நான் சேர்வதற்கு முந்தி நடந்தது. படத்தில் போர்வையை நீட்டிக்கொண்டு நின்றவர் எங்கள் எல்லா கிளப்புகளுக்கும் தலைவர், பாத்திரக்கடை அண்ணாச்சி. அந்தப் படம் எங்கள் கூட்ட அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

நாங்கள் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைத்தவர் யாரும் அங்கே இல்லை. மேடையில் பெரிய மனிதர்கள் இருப்பார்கள், நமக்கு நன்கொடை தருகிறவர்கள் இருப்பார்கள், வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் உதவி செய்த நமக்கு இது தேவையா என்றார்கள். அவர்கள் தண்ணீரில் நடந்ததும் உண்மை. ஒருவர், வேறு ஏதாவது பேசச் சொல்லலாம் என்றார். இன்னொருவர், அந்தப் பெண்ணுக்கு ஒரு சிறப்புப் பரிசு கொடுத்து அனுப்பிவிட்டு, இரண்டாவதாக வந்த பையனை இறுதிக்குக் கூப்பிடலாம் என்றார். அப்படியானால் தனக்குப் பதில் வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், நடுவர் என்பதால் கூட்டத்துக்கு வந்திருந்த பெரிய டீச்சர்.

நானும் எழுந்து பேசினேன். உண்மையாக நடந்ததைச் சொல்லுங்கள் என்று பள்ளி பள்ளியாகப் போய்ச் சொன்னவள் நான். ஒரு பிள்ளை சொன்னதும் அதை மாற்றச் சொன்னால், அடுத்த வருஷம் எந்த முகத்தோடு போய் நிற்பது? அவள் பேசவில்லை என்றால் போட்டியே வேண்டாம், பொறுப்பை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அண்ணாச்சி அதுவரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ள எம் பேரச் சொல்லிச்சா தங்கச்சி?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி. யாரு பேரையும் சொல்லல.”

“சொல்லியிருந்தாலும் தப்பில்ல. சிரிம்மான்னு சொன்னது நாந்தான்.” மேசையைப் பைய ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தார். “பேசட்டும். நான் முன்வரிசையிலதான் இருப்பேன்.”

வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

அன்று எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கடையில் வந்து உட்கார்ந்த பிறகு வேறொன்று உறுத்தத் தொடங்கியது. அம்மாவின் முகத்தைக் கேட்காமல் பேனரில் போட்டதுதானே அந்தப் பெண்ணின் வருத்தம். இப்போது அந்த அம்மாவின் கதையை அவரைக் கேட்காமலே ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் வைக்கப் போகிறோம். மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுக் கொற்கைப் பக்கம் போனேன்.

வீட்டுச் சுவரைப் புதிதாக எழுப்பியிருந்தார்கள், இன்னும் பூசவில்லை. அந்த அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, வாழைக்கறை படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிள்ளை ஏதாவது தப்பாகப் பேசிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். பேசியது எதைப் பற்றி என்பதே அவருக்குத் தெரியாது. சொல்ல அந்தப் பெண்ணுக்கும் கூச்சம். அங்கன வைத்தே அம்மாவுக்குப் பேசிக் காட்டச் சொன்னேன். பள்ளிச் சீருடையோடு நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை அவள் பேசினாள். அம்மா ஈரக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை எல்லார் முன்னாலும் பேசுவதில் உங்களுக்குச் சம்மதமா, இல்லை என்றால் வேறு பேசலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்றேன்.

“இவ சின்னப் பிள்ள, கவனிச்சிருக்க மாட்டான்னு நெனச்சிருந்தேன்,” என்றார் அம்மா. “பேசட்டும் மேடம். ஆனா அந்தப் போர்வை நல்ல போர்வை. இன்னும் கிழியல. இவ தம்பி அதத்தான் போத்திட்டுப் படுக்கான். அதையும் சொல்லச் சொல்லுங்க.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். எத்தனை அறநெறிப் பேச்சு கேட்டிருப்பேன். நியாயம் என்றால் என்ன என்று எனக்கு அவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இறுதிப் போட்டி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. நாற்காலி போதாமல் பக்கத்து வகுப்புகளிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசப் பேச, வழக்கமாகப் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் உறுப்பினர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் பேசினாள். சொன்னபடியே அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். “எங்கம்மா சிரிச்சாங்க” என்ற இடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பிறகு அவள், அந்தப் போர்வை நல்ல போர்வை என்றும், அதைச் சொல்லாமல் விட்டால் தன் பேச்சு பாதி உண்மையாகிவிடும் என்று அம்மா சொன்னதாகவும் சொன்னாள். அம்மா அப்படியே அந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதுதான்.

முதல் பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. வாப்பாவின் ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்திருந்த மேலப்பாளையத்து மாணவிக்குத்தான் போனது. நடுவர் கேள்விக்கு அவள் சொன்ன பதிலுக்குப் பிறகு அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. கொற்கைப் பெண் இரண்டாவது. கோப்பையைக் கொடுக்க அண்ணாச்சி மேடைக்குப் போனார். போட்டோக்காரர் முன்னால் வந்து கேமராவை உயர்த்தினார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. “போட்டோ எடுக்கலாமாம்மா? வேண்டாம்னாலும் சரிதான்.”

அவள் எடுக்கலாம் என்றாள். ஆனால் தன் அம்மாவும் வர வேண்டும் என்றாள். பின்வரிசையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டோம். அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறி வந்தார். அண்ணாச்சி அவரைக் கும்பிட்டு, அன்றைக்குத் தான் யோசிக்காமல் செய்துவிட்டதாகச் சொன்னார். அம்மா, பரவாயில்லை அண்ணாச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரும்வரை அந்த அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்து தங்கள் வீட்டு விஷயத்தைக் கேட்பார்கள் என்று தான் நினைக்கவே இல்லை என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கிளப் ஒரு முடிவு எடுத்தது. உதவி வாங்குகிறவர்களின் முகத்தைப் படமெடுப்பதில்லை. அண்ணாச்சியே முன்மொழிந்தார். அவசரக் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் பேச்சை முதலில் எதிர்த்தவர் வழிமொழிந்தார். சுவரில் இருந்த படத்தை அண்ணாச்சி தன் கையாலேயே கழற்றினார். கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டாமா என்று வெளியூர் கிளப்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். போய்ப் பாருங்கள், ஊரில் சொல்வார்கள் என்று அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

அதற்குப் பிறகும் போட்டியை நான்தான் நடத்துகிறேன். கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதுதான் சரி. பள்ளிகளைத் தேடி நான் போன காலம் மாறி, எங்கள் ஊரில் எப்போது என்று அவர்கள் கேட்கிறார்கள். கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாகப் பார்வையைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதிலும் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு பெண் எங்களைப் பார்த்தே எங்கள் தப்பைச் சொல்ல, நாங்கள் மேடை போட்டு, மைக் கொடுத்து, வாய்மூடிக் கேட்டோம். இந்த ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது போதும்.