ரத்தம் கொடுக்க வந்த எசெங்குல்

கிர்கிஸ்தான் மலையில் இருக்கும் எங்கள் சாரி-தாலாவில் ரத்தம் எடுக்கும் அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இருக்கிறது. இருபத்தொரு வருஷமாக அங்கே நான்தான் நர்ஸ். யாரும் கூப்பிடாமல் தானாக அந்த அறைக்கு வந்து கொண்டிருந்த ஆள் ஒருவர்தான். எசெங்குல் அண்ணன்.

ஊருக்கே வெந்நீர் அனுப்பும் கொதிகலன் கூடத்தில் அவர் வெல்டர். குட்டையான ஆள், அகலமான தோள், இரண்டு கையிலும் தீப்பொறி பட்ட தழும்புகள். நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் அவருடைய மனைவி துர்சுனை பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குளிர்பெட்டியில் இருந்த இரண்டு ரத்தப் பையும் ஏற்றி முடிந்துவிட்டது. அவர் காத்திருந்த நடைக்கு ஓடினேன்.

"அண்ணே, உங்க ரத்தம் என்ன குரூப்?"

"ஓ குரூப்பு. பட்டாளத்துல எழுதிக் குடுத்தாங்க."

"அக்காவுக்கும் அதேதான். சட்டுனு உள்ள வாங்க. அரை லிட்டர்கூட இல்ல, பத்து நிமிஷ வேலை."

அவர் என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"நாளைக்குக் கொதிகலன் மேல ஏறணும்மா. ரத்தம் எடுத்தா ஆம்பளைக்குத் தெம்பு போயிடும்னு சொல்றாங்களே... இரு, அவ தம்பிங்க இருக்காங்க. கூட்டிட்டு வந்துர்றேன்."

பதில் சொல்வதற்குள் படியிறங்கி ஓடிவிட்டார். மச்சான்மார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல் அறுத்துக் கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் மூச்சிரைக்க வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் துர்சுனையின் முகத்தை மூடிவிட்டோம்.

அவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் பத்து ஆண்களைக் கேட்டால் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். அந்த நடையில் நடந்தது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஊரில், தலைநகரத்திலிருந்து ரத்தம் வந்து சேரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

துர்சுனைக்கு நாற்பதாம் நாள் துக்கச் சாப்பாடு முடிந்த மறுநாள் காலையில் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். "எடு" என்றார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு நாலு மாதத்துக்கு ஒரு தடவை, உடம்பு சரியில்லாத நாட்கள் போக, தவறாமல் வந்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு பார்ப்பேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன், பிறகு ஊசி. முந்தின நாள் கொழுப்பு சேர்க்கக் கூடாது என்று முதல் தடவை சொன்னபோது கேட்டார்:

"கொழுப்பு தின்னாம கிர்கிஸ்காரன் என்னத்தத் திங்கறது? புல்லையா மேயறது?"

"சீனி போட்ட டீயும் ரொட்டியும் தின்னுட்டு வாங்க. ஒருநாளைக்கு ஒண்ணும் ஆயிடாது."

முடிந்ததும் கால் மணி நேரம் அவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. அன்று முழுக்கக் கனமாக எதுவும் தூக்கக் கூடாது என்பேன். தலையாட்டிவிட்டுப் போய் இரும்புக் குழாயைத் தூக்குவார்.

இப்படி ஐம்பத்தேழு தடவை.

ஐம்பத்தெட்டாவது தடவை எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்து நகரத்திலிருந்து தாள் வந்தது. கல்லீரலைப் பிடிக்கும் கிருமி இருந்தது. அந்தப் பையை அழிக்கச் சொல்லியிருந்தார்கள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"எப்படி வந்துச்சு?"

"தெரியல அண்ணே. எங்கயாவது பல்லு புடுங்கினீங்களா?"

"சந்தைக்குள்ள ஒருத்தன்கிட்ட. ரெண்டு பல்லு."

"மாத்திரை இருக்கு. குணமாயிடும். ஆனா இனிமே உங்க ரத்தத்த எடுக்க மாட்டாங்க."

"குணமானாலுமா?"

"குணமானாலும்."

சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அப்ப என் இடத்துக்கு யாரு வர்றா?" என்று கேட்டார்.

"யாருமில்ல."

அன்றிலிருந்து ஆள் தேட ஆரம்பித்தார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், எடை ஐம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது, காய்ச்சல் இருக்கக் கூடாது, அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கொண்டுவர வேண்டும், மாதத்தின் முதல் வியாழன் காலை. அதை எடுத்துக்கொண்டு ஆட்டுச் சந்தைக்குப் போனார், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனார், வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனார். அங்கே டெமிர் என்கிற வேன் டிரைவர் சிரித்தான்.

"அண்ணே, என் ரத்தத்துல பாதி வோட்கா. ஏத்துனா நோயாளி எந்திரிச்சி ஆடுவான்."

"ரெண்டு நாள் குடிக்காம வாடா."

"அதுக்கு நானே நோயாளியாப் படுத்துக்கறேன்."

உடம்பில் வலுவுள்ள ஆண்களில் பாதிப் பேர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் நாலு பேருக்கு அவர்களுக்கே ரத்தம் போதவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

போன இலையுதிர் காலத்தில் அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். தலைநகரத்தில் தையல் வேலை பார்க்கும் மகள் பெகிமாயும் வந்திருந்தாள். இருபது வயது, தாயின் ஜாடை. வாழ்த்துச் சொல்லும் முறை எசெங்குல் அண்ணனுக்கு வந்தது. கையில் கோப்பையோடு எழுந்தார். மணமக்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு சொன்னார்:

"என் பொண்டாட்டி ரத்தம் இல்லாம செத்தா. உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத ஒண்ணச் சொல்றேன். அவளுக்கு வேண்டிய ரத்தம் என் உடம்புல இருந்துச்சு. இந்த நர்ஸ் ஜிபார் வந்து கேட்டா. பத்து நிமிஷம்னா. பயந்து ஓடிட்டேன். நீங்களும் அப்படி ஓடாதீங்க. வியாழக்கிழமை வாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. சம்பந்தி ஒருவர், "கல்யாண வீட்ல பேசற பேச்சாப்பா இது? உக்காரு" என்றார். யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

பெகிமாய் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் போனார்.

"ஊசிக்குப் பயந்தா அம்மாவ விட்டீங்க?"

"ஆமாம்மா."

"இருபது வருஷத்துல ஒருநாள் என்னத் தனியா உக்காரவெச்சிச் சொல்லியிருக்கலாமே அப்பா. ஊரோட ஊரா உக்காந்து கேக்கறேன்."

அவள் அன்றே வண்டியேறிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

அந்த வியாழன் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். இன்னொருவன் டெமிர். இரண்டு நாள் குடிக்காமல் வந்து ஒரு பை கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த மூன்று மாதமும் பேருக்கு ஒன்றிரண்டு பேர். நகரத்துக்குப் போகும் மலைக்கணவாய் திறந்திருந்ததால் நகரத்துப் பைகளை வைத்து ஓட்டினோம்.

பிப்ரவரியில் பனிச்சரிவில் கணவாய் மூடிக்கொண்டது. நாலாம் நாள் காலை, மேட்டு மேய்ச்சல்காரர் வீட்டிலிருந்து ஒரு மருமகளைக் கொண்டுவந்தார்கள். பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை. அவளுக்குச் சேரும் பை ஒன்றுதான் இருந்தது. என்னிடம் இருந்த பதினோரு எண்களுக்கும் போன் போட்டேன். நாலு பேர் ரஷ்யாவில். மூன்று பேர் எடுக்கவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டெமிர் போன வாரம்தான் மறுபடி கொடுத்திருந்தான். நான் என்னுடையதைக் கொடுத்தேன். போதவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது.

விஷயம் கேள்விப்பட்டு எசெங்குல் அண்ணன் வேலை உடுப்போடு வந்து நடையில் நின்றார். வலது கையால் இடது முழங்கையைப் பிடித்திருந்தார்.

"என்னுது ஆகாது, சரி. ஊருல இத்தன பேரு இருக்காங்களே ஜிபார். அவங்களோடதுக்கு என்ன வந்துச்சு?"

இறந்தவளின் மாமனாரான மேய்ச்சல்காரக் கிழவர் எங்களைத் தாண்டிப் போய் வாசலில் உட்கார்ந்தார்.

மார்ச் முதல் வியாழன் முழங்கால் அளவு பனி. எசெங்குல் அண்ணன் விடியுமுன்பே வந்து வாசல் வரைக்கும் வழி வெட்டி வைத்திருந்தார். அறையில் அடுப்பு மூட்டியிருந்தார். மத்தியானம் வரை நாங்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருந்தோம்.

"பெகிமாய் பேசினாளா அண்ணே?"

"இல்ல."

ஒரு மணிக்குக் கொதிகலன் கூடத்தில் குழாய் வெடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் பிரிக்காத காலிப் பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.