வெளிச்சத்துக்குப் போன ஆறு சாடி எண்ணெய்

வியாகுலம்மாள் வருவதற்கு முன்னால் அவளுடைய வாசனை வந்துவிடும். முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடந்த அந்தச் சின்ன ஊரில் இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் சாளை மீன் விலை போகாமல் கரையில் குவியும். அதை அவள் ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய பெரிய அண்டாவான வார்ப்பில் போட்டு அவிப்பாள். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துச் சாடியில் ஊற்றுவாள். பிழிந்த சக்கை தென்னைக்கு எருவாகப் போகும்.

எண்ணெய் வள்ளத்துக்கு. ஊரில் மூன்று மீன்பிடி வள்ளங்கள் இருந்தன. மூன்றிலும் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்தவை. சித்திரை வெயிலில் அவற்றைக் கரையேற்றிக் கவிழ்த்து, மூன்று தடவை சாளை எண்ணெய் பூச வேண்டும். பூசினால் ஆடிக் கடலைத் தாங்கும். பூசாவிட்டால் தையல் விட்டுப் போகும். வள்ளத்துக்கு இரண்டு சாடி வீதம் ஆறு சாடி. ஒரு வள்ளம் அவள் புருஷன் ததேயுஸுடையது. தகப்பன் விட்டுப் போன ஒரே சொத்து. மற்றொன்று ததேயுஸின் தம்பி மத்தியாஸுக்கு. மூன்றாவது பக்கத்து வீட்டு யோவானுக்கு. மத்தியாஸும் யோவானும் தங்கள் வலையில் விழுந்த சாளையை மார்கழியிலேயே அவளுடைய வார்ப்பில் கொட்டிவிடுவார்கள். ஆகவே எண்ணெய் சாடிக்குள் இறங்கும்போதே யாருடையது என்று தீர்ந்துவிடும்.

இந்த எண்ணெயின் புகழ் ஏற்கெனவே ஒருமுறை டவுண் வரை எட்டியிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ரசலையன் மூக்கில் துவாலையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஓர் அறிக்கை எழுதினார். ஆறு சாடி, சாடிக்கு இத்தனை குப்பி, நாற்றம் கிழக்கே இரண்டு பர்லாங், காற்று அடித்தால் மூன்று. வார்ப்பைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோக உத்தரவாயிற்று. அங்கே இருப்பவர்கள் புகார் எழுதமாட்டார்கள் என்பதை இலாகா யோசித்திருந்தது.

இதற்கு இரண்டு வருஷம் கழித்து, கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றாறு தை மாதத்தில், மண்ணெண்ணெய் நின்றது. எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் ஏதோ ஒரு தேசத்தில் ஆள்கிறவர்கள் மாறினார்களாம். கப்பல்கள் வேறு பக்கம் திரும்பினவாம். குளச்சலில் இறங்க வேண்டிய தகரங்கள் இறங்கவில்லை.

ஒரு ராஜ்யம் இப்படிப்பட்ட சமயத்தில் கைகட்டி நிற்காது. தட்டுப்பாடு என்று ஒன்று இல்லவே இல்லை என்று முதலில் தமுக்கு அடிக்கப்பட்டது. தமுக்கடித்தவன் இருட்டில் ஓடையில் விழுந்துவிட்டதால், அடுத்த தமுக்கு பகலில் அடிக்கப்பட்டது: பொழுதோடு உண்டு பொழுதோடு உறங்குவது தேகத்துக்கு நல்லது. பிறகு டவுணில் ஏழு கனவான்களைக் கொண்டு வெளிச்சக் குழு அமைந்தது. அது பகலிலேயே கூடியிருக்கலாம். ஆனால் குடிகளின் கஷ்டத்தை நேரில் உணர வேண்டுமே! ஆகவே பொழுது சாய்ந்த பிறகு கூடி, நான்கு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உணர்ந்தது.

மூன்றாவது கூட்டத்தில்தான் அலமாரியிலிருந்து ரசலையனின் பழைய அறிக்கை வெளியே வந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதிய காகிதம், மேலட்டையை மாற்றியதும், எரிபொருள் இருப்பைப் பற்றிய காகிதமாகிவிட்டது. ஆறு சாடி. சாடிக்கு இத்தனை குப்பி. எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம்.

மாசியில் ஒரு நாள் காலை மாட்டு வண்டியோடு ரசலையன் வந்து இறங்கினார். இந்தத் தடவை மூக்கில் துவாலை இல்லை. அரசாங்கக் காரியம்.

"வியாகுலம்மா, ராஜ்யத்துக்கு உனக்க எண்ண வேணும்."

"ராஜ்யத்துக்கு வள்ளம் உண்டுமா ஏமானே?"

"வெளக்கு எரிக்கதுக்கு."

"இதையா? மூக்குள்ள மனுசரு இருக்க வீட்டிலயா?"

"நாத்தம் ஒரு கொறையே இல்லன்னு குழு தீர்மானிச்சாச்சு."

"கொறைன்னு எழுதினது நீங்கதான, ஏமானே?"

"அது வேற கடுதாசி," என்றார் ரசலையன், கொஞ்சமும் அசையாமல்.

வியாகுலம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாடிகளுக்கு முன்னால் வந்து நின்றாள். "இது மூணு வள்ளத்துக்குள்ளதாக்கும். நாலு சாடி மத்தவங்களுக்க மொதலு. ரெண்டு சாடி, ஆடியில எனக்க மாப்பிள ஏறிப் போற வள்ளத்துக்கு. அத எடுத்தா நான் என்னத்தப் பூசுவேன்?"

ரசலையன் உள்நாட்டுக்காரர், பனையைத் தெரியும், கடலைத் தெரியாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிற அதிகாரி அல்ல. யோசித்தார்.

"வேற என்னமாம் பூசலாமே. மண்ணெண்ண பூசினா என்ன?"

வண்டிக்காரன் திரும்பி நின்று மாட்டுக்குக் கழுத்தைச் சொறிந்துகொடுத்தான். அவனுடைய முதுகு குலுங்கியது.

அப்போது ததேயுஸ் கடலிலிருந்து வந்து சேர்ந்தான். நல்ல மனுஷன். ரசலையன் நீட்டிய உத்தரவுக் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, அடியிலிருந்து இப்போது மேலே வந்துவிட்ட முத்திரையைப் பார்த்தான்.

"முத்திர இருக்குட்டி. விட்டுரு."

"முத்திரைய வள்ளத்தில ஒட்டிட்டு கடலுக்குப் போவியளா?"

சாடி உடைந்துவிடக் கூடாதே என்று ததேயுஸே ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் வைத்தான். ரசலையன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: வெளிச்சத்துக்காக ஆறு சாடி, மனமுவந்து அளித்தது. மனமுவந்தவள் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு வண்டி போவதைப் பார்த்தாள்.

டவுணில் எண்ணெய் முறைப்படி பங்கிடப்பட்டது. மண்ணெண்ணெய் பழகிய கனவான்களின் வீடுகளுக்கே முதலிடம். அவர்கள்தானே இருட்டில் கஷ்டப்படுகிறவர்கள். முதல் நாள் விளக்கு ஏற்றியதும் வக்கீல் வீட்டு வாசலில் பதினொரு பூனைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பென்ஷன் வாங்கிய தாசில்தார் ஒருவர் சோற்றில் கைவைத்தபடியே எழுந்து போனார். மறுநாள் முதல் எல்லா வீட்டிலும் எண்ணெய்ப் பானை கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. முன்னறையில் திருட்டுத்தனமாகத் தேங்காய் எண்ணெய் எரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. தன் வீட்டுக்காரர்களின் மூக்கு மட்டும்தான் ராஜ விசுவாசம் இல்லாதது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

சித்திரை பிறந்தது. மூன்று வள்ளங்களும் மணலில் கவிழ்ந்து, காய்ந்து, காத்துக் கிடந்தன. ததேயுஸ் தினமும் போய்த் தையல் கயிற்றை விரலால் நெருடிப் பார்ப்பான். ஒன்றும் சொல்லமாட்டான். அவன் சொல்லாததையெல்லாம் கேட்டுக்கொண்டே அவள் பனையோலையால் பின்னிய மீன் கடவத்தைத் தலையில் ஏற்றி டவுணுக்கு நடந்தாள்.

வக்கீல் வீட்டுக் கொல்லையில் கடவத்தை இறக்கும்போதே அவளுக்கு வாசனையில் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை இருட்டிலும் தெரியாதா? வக்கீலின் மனைவி பின்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பிள்ளே, உனக்கு இந்த எண்ணெயக் கொண்டு என்னமாம் உபயோகம் உண்டா?"

"எனக்கு எதுக்கம்மா? வெளக்கா எரிக்கப் போறேன்?" என்றாள் வியாகுலம்மாள். வக்கீலின் மனைவி விலை கேட்காமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

"எங்கயாம் தூரக் கொண்டுபோய் ஊத்து. ஆரும் கேட்டா நாங்க எரிச்சு முடிச்சாச்சு."

மீன் கடவத்துக்குள் ஒரு பானை இருந்தால் யாருக்குத் தெரியும்? நாறினால்தான் யார் கேட்பார்கள்? பத்துப் பன்னிரண்டு நாள் அவள் பகல் வெளிச்சத்தில் வீடு வீடாக நடந்து, குழு பங்கிட்டதைச் சேர்த்தெடுத்தாள். சில வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு ஊற்றியிருந்தார்கள். சில வீடுகளில் பானை சாய்ந்து மண் குடித்திருந்தது. கடைசியாக ஒரு பின்வாசலில் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ரசலையன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆருட்டயும் சொல்லப்பிடாது," என்றார் அவர் மெதுவாக.

"சீட்டு எழுதித் தரவா ஏமானே?"

அவர் பானையை நீட்டினார். துவாலை மூக்கில் இருந்தது. உத்தியோக நேரம் இல்லை.

குழு தன் அறிக்கையில், வழங்கிய எண்ணெய் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எரிந்து தீர்ந்ததென்றும், கடல்புறத்து எண்ணெய் மேல்தட்டு வீடுகளில் மிகுந்த வரவேற்பைப் பெற்றதென்றும் எழுதியது. வீடு வீடாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு சாடி தேறியது. ஒரு வள்ளத்துக்கு மூன்று பூச்சு. அல்லது மூன்று வள்ளத்துக்கு ஒரு பூச்சு.

அவள் சாடிகளை வள்ளங்களுக்கு அருகே இறக்கியபோது மத்தியாஸும் யோவானும் கொஞ்சம் தள்ளி, வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்; கோபப்பட்டிருக்கலாம்.

"நம்மளுக்குள்ளது வந்தாச்சு, என்னட்டி?" என்றான் ததேயுஸ்.

"வந்தது நம்மளுக்குள்ளதுன்னு ஆரு சொன்னா? எண்ணெயில பேரு எழுதியிருக்கா?"

"நடந்து சேத்தது நீ."

"அவியளுக்க சாளையும் சேத்துத்தான அவிச்சேன்."

ததேயுஸ் தன் வள்ளத்தைப் பார்த்தான். மூன்றிலும் அதுதான் பழையது. அதன் தையலை ஒருமுறை விரலால் நெருடினான். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, தென்னம்மட்டையைத் தட்டிப் பூசுவதற்குத் தூரிகை செய்யச் சொன்னான். மூன்று வள்ளத்துக்கும் ஒரு பூச்சு கிடைத்தது. ஒரு பூச்சில் வள்ளம் என்ன செய்யும் என்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆடியில் ஒரு நாள், விடியலில் போன வள்ளங்கள் உச்சி வெயிலுக்குத் திரும்பின. வியாகுலம்மாள் கரையில் நின்று எண்ணினாள். இரண்டு. மறுபடியும் எண்ணினாள். இரண்டும் விளிம்பு வரை ஆட்களைச் சுமந்துகொண்டு வந்தன. ஆளுக்கு ஆள் தண்ணீர் கோரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியாஸின் வள்ளத்திலிருந்து ததேயுஸ் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான்.

"தையலு விட்டுப் போச்சுட்டி," என்றான். அவள் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.

மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "மைனி, அந்த ரெண்டு சாடியையும் அண்ணனுக்க வள்ளத்துக்கே பூசியிருந்தா..."

"பூசியிருந்தா ஒங்க ரெண்டு வள்ளமும் போயிருக்கும். மூணு வள்ளத்து ஆளையும் ஒரு வள்ளம் கொள்ளுமாலே?"

மத்தியாஸ் வள்ளத்திலிருந்து மீனை இறக்கப் போனான்.

அன்றைக்குக் கிடைத்த கொஞ்ச மீனை மணலில் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. வள்ளத்துக்கு ஒரு பங்கு. அது கடல்புறத்து வழக்கம். யோவான் குனிந்து, இரண்டு வள்ளங்களின் பங்கையும் வைத்த பிறகு, பக்கத்தில் இன்னொரு குவியல் போட்டான்.

"இது ஆருக்கு?" என்றான் ததேயுஸ்.

"ஒங்க வள்ளத்துக்கு."

"அது கடலுக்க அடியில கெடக்கு மக்கா."

"கெடந்தா என்ன? எங்க ரெண்டும் மேல மெதக்குல்லா."

ததேயுஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வியாகுலம்மாள் கடவத்தை இறக்கி வைத்து, மணலில் முழங்காலிட்டு, அந்தப் பங்கை ஒவ்வொரு மீனாக மண்ணைத் தட்டி எடுத்து வைக்கத் தொடங்கினாள்.