கொடி போட்ட முத்திரை

போன வருஷம் திருச்சியிலிருந்து பெரியம்மாவின் மகன் போன் பண்ணினான். "சின்னம்மாவக் கூட்டிட்டு வாங்கக்கா. அம்மா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க." பெரியம்மா இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி ஐம்பது வருஷமாகிறது. அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அம்மாவின் பிறப்பை யாரும் பதியவில்லை. பதுளைக் கச்சேரியில் பிறப்புப் பதிவுப் பிரிவில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். "பொறந்த காலத்துக் காகிதம் ஏதாச்சும் இருக்குங்களா? பழைய கடிதம்னாலும் கொண்டு வாங்க."

அம்மா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார். "நான் பொறந்தப்ப ஊர்லேருந்து பெரியப்பா எழுதுன கடிதாசி, அந்த பிஸ்கட் டின்னுலதானே கெடக்கு?"

அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

பன்னிரண்டு வயதில் எனக்குத் தபால் முத்திரைப் பைத்தியம். சுதந்திர இந்தியாவின் முதல் முத்திரைகள், கொடி போட்டது, சிங்கம் போட்டது, எல்லாம் அந்த டின்னுக்குள் உறைகளில் ஒட்டியிருந்தன. கத்தரித்து எடுத்தேன். அம்மா திட்டுவாரென்று மிச்சத்தையெல்லாம், கடிதங்களோடு சேர்த்து, அடுப்பில் போட்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த டின்னை அவர் திறந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து ஆல்பத்தை விரித்தேன். ஒவ்வொரு முத்திரையாகப் பிளேடால் கிளப்பிப் பின்புறம் பார்த்தேன். ஒரு வரியாவது, ஒரு பெயராவது ஒட்டிக்கொண்டிருக்காதா? வெறும் வெள்ளை. கொடி முத்திரையின் மேல் மட்டும் தபால் கந்தோர் சீலில் பாதி. அதிலும் வருஷம் அழிந்திருந்தது. அதையே கொண்டுபோய் நீட்டினேன்.

"இதுல உங்கம்மா பேரு எங்கங்க இருக்கு?" என்றார் அந்தப் பெண்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"எரிச்சிட்டியா?"

"ஆமாம்மா."

பஸ் பசறைக்கு வந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "அதுல எம் பேரு இருந்துச்சு. எங்கப்பா வாசிச்சுக் காட்டுவாரு" என்றார்.

அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு அலைந்தேன். தோட்டம் கைமாறியதில் பழைய பதிவுப் புத்தகங்கள் எதுவும் மிஞ்சவில்லை. அம்மா பிறந்தது தெரிந்த வயதான இருவரைக் கூட்டிப்போய்ச் சத்தியக் கடதாசி கொடுத்தோம். விண்ணப்பம் இன்னும் கச்சேரியில்தான் இருக்கிறது.

ஐப்பசி மழையில் வீடியோ கால் வந்தது. பெரியம்மாவின் மகன் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். பெரியம்மாவுக்கு மூச்சு நின்றிருந்தது; பாடை தூக்குமுன் கடைசியாக முகம் காட்டினான். "அக்கா" என்று அம்மா கூப்பிட்டதும் சிக்னல் போய்விட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் ரோட்டு மேட்டுக்கு ஏறினேன். சேறு வழுக்கியது. அவர் இரண்டு முறை விழுந்தார். மேலே நின்று திரும்பத் திரும்பப் போன் பண்ணினேன். கிடைத்தபோது, "தூக்கிட்டுப் போயிட்டாங்கக்கா" என்றான் தம்பி.

அம்மா நனைந்தபடி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.