பால்கனியில் கட்டிய சைக்கிள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, காணாமல் போனவர்களின் தாய்மாரைப் பற்றி ஆய்வு செய்கிறேன். போன வருடம், வெளிநாட்டில் ஆறு மாதம் தங்கி எழுதுவதற்கான ஃபெலோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். கூடவே அனுப்பிய கட்டுரை, மகனை யாரோ கூட்டிக்கொண்டு போய், அவன் திரும்பி வராமல், கொட்டாஞ்சேனையில் தனியாக வாழும் ஓர் அம்மாவைப் பற்றியது. அவரது பெயரை மாற்றினேன், ஊரைச் சொல்லவில்லை. ஆனால் மகனின் சிவப்புச் சைக்கிளை அவர் மூன்றாம் மாடிப் பால்கனிக் கம்பியில் கட்டி வைத்திருப்பதை அப்படியே எழுதிவிட்டேன்.

ஸூமில் நேர்முகம் நன்றாகத்தான் போனது. முடிகிற நேரத்தில், தேர்வுக் குழுவிலிருந்த தமிழ்ப் பெண்மணி கேட்டார்: "அந்தச் சைக்கிள் வீடு கொட்டாஞ்சேனையிலதானே? கொழும்புக்கு வந்து நிக்கேக்க கண்டனான்."

இவருக்கே தெரிகிறதென்றால், மகனைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியாமலா போகும்?

உடனே பஸ் ஏறிப் போனேன். "அம்மா, பிழை விட்டிட்டன். நான் எழுதினதை வாசிக்கிறவை உங்கட வீட்டைக் கண்டுபிடிச்சிடுவினம்" என்றேன்.

அவர் பயப்படவில்லை. "அவன் போனாப் பிறகுதான் நான் இந்த வீட்டுக்கு வந்தனான். அவனுக்கு இடம் தெரியாது. மற்றவை கண்டுபிடிச்சா அவனும் கண்டுபிடிப்பான்தானே, பிள்ளை?"



ஃபெலோஷிப் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் எதை அனுப்புமுன்பும் உரியவர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் வேண்டாமென்பதை எடுத்துவிடுகிறேன். எல்லோரும் ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அந்த அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்:

"ரோட்டுப் பேரையும் போட்டுவிடன், பிள்ளை."