அய்யா கடைசியாகச் சொன்னதைச் சொல்லக் குரல் கேட்டேன்

“மீன்காரன் மக வெள்ளக்காரன் பாட்டப் பாடி எங்கிட்டுத்தா கரையேறப் போற?”

மேற்கத்திய இசை படிக்க நான் சென்னைக்குக் கிளம்பியபோது சித்தப்பா கேட்டது இது. பாம்பனில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். ஆப்பரா என்றால் நாடகம் முழுவதையும் பாடியே நடிப்பது என்று அவருக்கு விளக்கினேன். “பேச வேண்டியத எதுக்குப் பாடணும்? தொண்ட வலிக்காதா?” என்று சிரித்தார்.

ஆனாலும் கரையேறினேன், சகோதர சகோதரிகளே. என்னுடையது சொப்ரானோ, பெண் குரல்களில் மிக உயரமானது. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும். பல வருடம் கூட்டத்தோடு நின்று பாடிய பிறகு, மும்பையில் ஓர் ஆப்பராவில் எனக்கென்று ஒரு பாத்திரம் கிடைத்தது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஒத்திகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அய்யா என்று நான் கூப்பிடும் என் அப்பா இறந்துபோனார். கடலில், படகிலேயே நெஞ்சுவலி. காய்ச்சலும் வீங்கிய தொண்டையுமாக நான் வந்து சேர்ந்தபோது அவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் மூத்த மகள் தலைமாட்டில் இருந்து குரல்விட்டு அழ வேண்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அய்யாவின் அக்கா, என் அத்தை, எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஊருக்கெல்லாம் பாடுறவ, பெத்த அய்யாவுக்கு வாயத் திறக்க மாட்டியோ?”

வீங்கிய தொண்டையில் கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் படித்ததே அதுதானே. தெரிந்தும் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, அரங்கில் பாடுவதைப் போல அழுதேன். படகுத்துறை வரை கேட்டது என்று யாரோ சொன்னார்கள். அந்த நேரத்திலும் அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. ஆண்டவர் முன் இதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்லறையில் பெட்டியை இறக்கும்போது “அய்யா” என்று கூப்பிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

மதுரையில் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரத்தம் கசிந்திருந்தது. தான் சொல்லும்வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். மும்பைப் பாத்திரம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். “வாய மூடுன்னு சின்னதுலருந்து சொன்னேன், அப்பல்லாம் கேட்டியா?” என்று அம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. பிறகு கேட்டார்: “அய்யா அன்னைக்குக் காலைல உனக்குத்தானத்தா போன் போட்டாக. கடைசியா என்ன சொன்னாக?”

நோட்டை எடுத்து எழுதினேன். எழுதி நீட்டிய பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

இரண்டு பட்டம் வாங்கியவள் நான். பெற்ற தாய்க்கு ஒரு வாக்கியம் சொல்ல வழியில்லை. பக்கத்து வீட்டு அக்காவை வாசிக்கச் சொல்லலாம் என்று சைகை காட்டினேன். “வேணாம். அது எனக்கும் உனக்கும் உள்ளது. நீயே சொல்லு, நான் காத்திருக்கேன்.”

அதுவரை வீட்டிலிருந்த வியாகுல மாதா சுரூபத்தின் முன் நின்று, என் உயரச் சுரங்களைத் திருப்பிக் கொடு என்று மனதுக்குள் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று முழங்காலில் விழுந்தேன். அம்மாவுக்கு அந்த ஒன்றைச் சொல்லும் அளவுக்குக் குரல் போதும் தாயே, மற்றதை உன் மகனிடம் விட்டுவிடுகிறேன் என்று அழுதேன். தினமும் மாலையில் அம்மா சத்தமாகச் செபமாலை சொல்வார். நான் மணியை மட்டும் நகர்த்துவேன். தவக்காலம் முழுவதும் இப்படியே போனது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில், நாளுக்குப் பத்துச் சொல் பேசலாம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வரும்வரை ஒன்றையும் செலவழிக்கவில்லை. அம்மா வலைத்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

“மும்பைக்கு வாரேன், சட்டை தைக்கக் குடுத்துருக்கேன்னு சொன்னாக.”

என் காதுக்கே அது வேறு யார் குரலோ. கனத்து, தாழ்ந்து போயிருந்தது. அம்மா வலைத்துண்டைக் கீழே வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாரேன்னாகளா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்துவிட்டார்.

உயரச் சுரங்கள் இன்றுவரை திரும்பவில்லை. அதற்காக இன்னும் அழுகிறேன், மறைக்கவில்லை. இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு, கீழே இருந்து ஒரு குரல் உறுதியாக எழுந்திருக்கிறது. அதைக் கேட்டு யாராவது பாராட்டினால், முதலில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பெருமை பிறகுதான் வருகிறது. வராமல் இல்லை.

உங்களில் யாருக்காவது வாய் திறந்து செபிக்கக்கூட முடியாமல் இருந்தால், மணியை மட்டுமாவது நகர்த்துங்கள். அவருக்குக் கேட்கும். எனக்குக் கேட்டது.

போன திங்கட்கிழமை இராமநாதபுரம் போய், மும்பை ஆப்பராக் குழுவின் அடுத்த பாடகர் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். குரல் வகை என்ற கட்டத்தில், சொப்ரானோவுக்குக் கீழே உள்ள ‘மெஸ்ஸோ’ என்று எழுதினேன். மும்பை ரயிலுக்கு இரண்டு சீட்டு எடுத்திருக்கிறேன். ஒன்று அம்மாவுக்கு.